கூக்காலுக்கும் வட்டக்கானலுக்கும் பொதுவாக ஒரு புத்தகம்

பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தை யாரும் ஒழுங்காக நடத்துவதில்லை. அது வருவதற்குள் வருடம் முடிந்துவிடும். எங்கள் பள்ளியிலும் அப்படித்தான். கணக்கு மிஸ் அடைவுப் பண்பு, சேர்ப்புப் பண்பு, சமனி, எதிர்மறை என்று நாலு பண்புகளைப் பலகையில் எழுதிப் போட்டு, "இத அப்படியே எழுதிருங்க, மார்க் கேரண்டி" என்றார். நானும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் அப்படியே எழுதினோம். எழுதி முடித்ததும் அவள் எழுந்து, "மிஸ், இந்த நாலும் ஒண்ணா இருந்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"அதுக்குப் பேரு குலம். காலேஜ்ல வரும், உக்காரு" என்று சொல்லிவிட்டு மிஸ் மாதிரி வினாத்தாளை எடுத்தார்.

காலேஜில் என்ன வரும் என்று தெரியாமல் அந்த வாரம் முழுக்க எங்களுக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே இறங்கியது. ஆனால் மதியச் சாப்பாட்டு வரிசையிலும், கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடக்கும்போதும், அவள் திடீரென்று நின்று, "அந்த நாலும் எதுக்குடி?" என்பாள். எனக்கும் அது தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

அவள் கூக்கால்காரி. பூண்டும் கேரட்டும் போடுகிற வீடு. தினமும் பள்ளிக்கு வந்து போகிற அளவுக்கு அங்கே பஸ் கிடையாது என்பதால் பதினொன்றாம் வகுப்பிலிருந்து கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் படித்தாள். நான் வட்டக்கானல். அம்மா எங்கள் வீட்டை ஒட்டி மூன்று அறைகள் கட்டி டூரிஸ்டுகளுக்கு விடுகிறாள். அப்பா டாக்ஸி ஓட்டுகிறார். பரீட்சை முடிந்த கோடையில் அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளைக்குக் குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குனியாமல் யார் படுக்கை விரிப்பது? "நான் அடுத்த வருஷம் காலேஜ் சேர்றேம்மா" என்று நானேதான் சொன்னேன். அம்மா ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டாள், அப்புறம் ஒப்புக்கொண்டாள்.

அதே சமயத்தில் கூக்காலில் அவளுடைய அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை மாதம் முகூர்த்தம். "அக்கா கல்யாணம் முடியட்டும்த்தா, அடுத்த வருசம் நானே கொண்டுபோய்ச் சேத்து விடுறேன்" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அதைச் சொல்ல எனக்குப் போன் செய்தாள். அழப்போகிறாள் என்று நினைத்துக் குரலை இறக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ஒரு வருசம் முழுசா நமக்குன்னு கெடக்குடி" என்றாள். "அந்தக் குலத்த நாமளே படிச்சிருவமா?"

எதைப் படிப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. நாங்கள் தமிழ் மீடியம். கல்லூரிக் கணக்குப் புத்தகம் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. போனில் தேடினேன். நல்ல புத்தகம் எது என்று யாரோ ஒருவர் எப்போதோ கேட்டிருக்கிறார், உலகமே வந்து பதில் சொல்லியிருக்கிறது. ஒருவர் இதை விட்டால் வேறு புத்தகமே கிடையாது என்கிறார். அவருக்குக் கீழேயே இன்னொருவர், அதைத் தொட்டால் கணக்கின் மேலேயே வெறுப்பு வந்துவிடும் என்கிறார். மூன்றாவது ஆள் இருவரையும் திட்டிவிட்டு வேறு ஒன்றைச் சொல்கிறார். படித்துப் படித்து எனக்குத் தலை சுற்றியது. அவளிடம் சொன்னபோது, "கல்யாணத்துக்குப் புடவை எடுக்க மதுரைக்குப் போறோம், நீயும் வா. கையில எடுத்துப் பாக்காம எப்படிடி வாங்குறது?" என்றாள்.

அப்படித்தான் நான் அவர்கள் வீட்டுக் கூட்டத்தோடு வேனில் மலையிறங்கினேன். புடவைக் கடையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அவளுடைய அம்மா, சித்தி, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் என்று ஒரு பெரிய வட்டம். நடுவில் கல்யாணப் பெண் வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் விரிக்கிற ஒவ்வொரு புடவையையும் சித்தி உள்பக்கம் திருப்பி நூலைப் பார்த்தார். இது சாயங்காலம் வரை போகும் என்று எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது. "பேனா வாங்கிட்டு வந்துர்றோம்" என்று அவள் சொல்ல, "வெரசா வந்துருங்க" என்று அவள் அம்மா புடவையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவை விசாரித்துப் போனோம். முதல் கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே, "நீட்டா, பேங்க் எக்ஸாமா?" என்றார்.

"மேத்ஸ் புக்குண்ணே. காலேஜ் மேத்ஸ்" என்றேன்.

"எந்தக் காலேஜு? எத்தனாவது செமஸ்டரு?"

"காலேஜ்ல சேரலண்ணே. நாங்களா படிக்கத்தான்."

அவருக்கு அது விளங்கவில்லை. கடை முழுக்கப் பரீட்சைவாரியாக அடுக்கி வைத்திருந்தார். பரீட்சை இல்லாமல் படிக்கிறவர்களுக்கு எந்த அடுக்கு? "எந்தப் பரீட்சையும் எழுதலையா? அப்புறம் எதுக்கும்மா?" என்றார். அவள் நிதானமாக, "தெரிஞ்சுக்கத்தாண்ணே" என்றாள். அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே போய்த் தூசியோடு ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு ஸ்டூல்களையும் போட்டார். "இதெல்லாம் ரொம்ப வருசமாக் கெடக்கு. பொறுமையாப் பாருங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, என்னையக் கேக்காதீங்க."

அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நேரத்தை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது. மடியில் ஒரு புத்தகம், கால்மாட்டில் நாலு, தெருவில் போகிறவர்களின் கால்கள். சில புத்தகங்களில் முதல் பக்கத்திலேயே புரியாத குறிகள் எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்தன. சிலவற்றில் வெறும் பரீட்சைக் கேள்விகள்தான். ஒன்றில் யாரோ எல்லாக் கணக்கையும் பென்சிலால் போட்டு வைத்திருந்தார்கள். அதை அவள் உடனே மூடிவிட்டாள்.

கடைசியில் எனக்குப் பிடித்தது ஒரு மெலிந்த புத்தகம். மஞ்சள் அட்டை. படமே கிடையாது. ஒரு வரி சொல்லும், அதற்கு நிரூபணம், அப்புறம் அடுத்த வரி. மொத்தப் புத்தகமும் என் உள்ளங்கையில் நின்றது. கவிதைப் புத்தகம் மாதிரி இருக்கிறது என்றேன். அவள் கையில் இருந்தது செங்கல் தடிமனில் ஒரு புத்தகம். பக்கத்துக்கு ஒரு படம். ஒவ்வொரு விஷயத்துக்கும் நாலு எடுத்துக்காட்டு. பாதிக் கணக்குகளுக்குப் பின்னால் விடையும் இருந்தது.

"இதுதான்டி" என்றாள் அவள்.

"அதத் தூக்கவே ஆள் வேணும். இது பாரு, எவ்ளோ அழகா இருக்கு."

"அழகப் பாத்தா புரிஞ்சிருமா? மாட்டிக்கிட்டா யாரைப் போய்க் கேப்ப? உங்க வீட்டு கெஸ்டையா?"

இருவரும் ஒரே புத்தகத்தை, ஒரே பக்கத்தைப் படித்து, போனில் பேசிக்கொள்வது என்பதுதான் எங்கள் ஏற்பாடு. அதனால் ஒன்றைத்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவாகவில்லை. கடைக்காரர் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இரண்டையுமே வாங்கினோம். ஆளுக்கு ஒன்றைக் கொண்டுபோய் முதல் பாடத்தைப் படிப்பது, அப்புறம் மாற்றிக்கொண்டு படிப்பது, அதற்கப்புறம் முடிவெடுப்பது. புடவைக் கடைக்குத் திரும்பியபோது அங்கே இன்னும் முகூர்த்தப் புடவையே முடிவாகியிருக்கவில்லை.

என் மெலிந்த புத்தகத்தோடு வீட்டில் உட்கார்ந்தேன். ஆங்கிலம் பயமுறுத்தும் என்று நினைத்திருந்தேன். ஆனால் கணக்குக்காரர்களின் ஆங்கிலத்தில் சொற்கள் கொஞ்சம்தான், திரும்பத் திரும்ப அதே சொற்கள்தான் வருகின்றன. முதல் நாள் 'லெட்' என்ற சொல்லில் இடறினேன். அகராதியில் 'விடு, அனுமதி' என்று போட்டிருந்தது. குலத்தை எதற்கு இருக்க விட வேண்டும், யார் அதைத் தடுத்தார்கள் என்று குழம்பினேன். பிறகுதான் அது நம் பள்ளிப் புத்தகத்தில் வரும் 'என்க' என்று புரிந்தது. அந்த ஒரு சொல் திறந்ததும் பக்கம் முழுக்கத் திறந்துகொண்டது. இரண்டாவது பக்கம் வரை வேகமாகப் போனேன். மூன்றாவது பக்கத்தில் நின்றேன். நான்காவது பக்கத்தில் எனக்கும் அந்தப் புத்தகத்துக்கும் பேச்சுவார்த்தையே இல்லாமல் போனது. அது என்னைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்துகொண்டே இருந்தது. ஆனால் அவளிடம் அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

மாற்றிக்கொள்கிற நாள் வந்தது. கூக்கால் பஸ் கண்டக்டரிடம் என் புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். மறுநாள் அதே கண்டக்டரிடமிருந்து அவளுடைய செங்கல் வந்து சேர்ந்தது. "என்னம்மா இது, இந்தக் கனம் கனக்குது? பூண்டுன்னு நெனச்சு மூட்டையோட போட்டுட்டேன்" என்றார் அவர். உண்மையிலேயே புத்தகத்தில் பூண்டு வாசனை வந்தது. கடைசி வரைக்கும் அது போகவில்லை.

செங்கலின் முதல் பாடத்தில் ஒரு செவ்வகம் வரைந்திருந்தது. அதை எத்தனை விதமாக எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைக்கலாம் என்று கேட்டிருந்தார்கள். அவ்வளவுதான் கேள்வி. நான் அன்று காலையில்தான் இரண்டாம் அறையில் கம்பளி விரித்துவிட்டு வந்திருந்தேன். அதுவும் செவ்வகம்தானே? புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த அறைக்கே போனேன். கெஸ்ட் வெளியே போயிருந்தார்கள்.

கம்பளியின் ஒரு மூலையில் துணிப்பட்டி தைத்திருக்கும். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பழுப்பு. நீளவாக்கில் புரட்டினேன். பழுப்பு மேலே வந்தது. திரும்ப நீளவாக்கில் புரட்டினேன். பழையபடி ஆகிவிட்டது. அகலவாக்கில் புரட்டினேன், இன்னொரு முறை புரட்டினேன், மறுபடி பழையபடி. படுக்கை மேலேயே அரை வட்டம் சுற்றித் திருப்பினால் தலைமாடு கால்மாடு ஆகும், திரும்பச் சுற்றினால் தலைமாடு ஆகும். அப்புறம்தான் அந்த வேடிக்கை. முதலில் நீளவாக்கில் புரட்டி, உடனே அகலவாக்கில் புரட்டினால், அரை வட்டம் சுற்றினால் எங்கே வருமோ அங்கேயே வந்து நிற்கிறது! இரண்டு வேலைகளைச் செய்தால் மூன்றாவது வேலை தானாக நடந்துவிடுகிறது. எப்படிச் செய்தாலும் இந்த மூன்றையும், சும்மா இருப்பதையும் தாண்டி வெளியே போகவே முடியவில்லை. அடைவுப் பண்பு. சும்மா இருப்பது சமனி. ஒன்றைத் திரும்பச் செய்து இல்லாமல் ஆக்குவது எதிர்மறை. வரிசையாகச் செய்யும் மூன்றில் முதல் இரண்டைச் சேர்த்தாலும் பின் இரண்டைச் சேர்த்தாலும் முடிவு ஒன்றாகவே வருவது சேர்ப்புப் பண்பு. பலகையிலிருந்து பார்த்து எழுதிய அந்த நாலு சொற்களும் என் கண் முன்னால் கட்டிலில் கிடந்தன.

"என்னடி, கம்பளியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்க?" அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எத்தனை நேரம் நின்றாளோ தெரியாது.

"அம்மா, இந்தப் பக்கம் வந்து ஒரு முனையப் பிடிம்மா."

"என்னையக் குனியக் கூடாதுன்னு சொல்லிருக்கு."

"குனிய வேணாம். நின்னுக்கிட்டே பிடி."

அம்மா பிடித்தாள். நாங்கள் இருவரும் அதைப் புரட்டினோம், திருப்பினோம், சுற்றினோம். என்ன செய்கிறோம் என்று அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் துணிப்பட்டி எந்த மூலைக்கு வரும் என்று நான் முன்கூட்டியே சொல்லி, சொன்னபடியே வந்ததும், "அட!" என்றாள். "இன்னொரு தடவ சொல்லு பாப்போம்" என்றாள். மூன்று மாதமாகச் சரியாகச் சிரிக்காத அம்மா அன்று கம்பளியின் மறுமுனையில் நின்று சிரித்தது எனக்கு மறக்காது.

அன்று சாயங்காலமே அவளுக்குப் போன் செய்தேன். எங்கள் வீட்டுக்கு மேலே பாதை வளைகிற இடத்தில்தான் சிக்னல் ஒழுங்காக இருக்கும். கூக்காலில் அவள் ஏரிக்கரைக்கு நடந்துவர வேண்டும். எடுத்ததும் இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

"உன் புக்குதான்டி சரி" என்றேன் நான்.

"உன் புக்குதான்டி சரி" என்றாள் அவள்.

அப்புறம் சிரித்த சிரிப்பில் எனக்கு மூச்சு வாங்கியது. சரி, இனி சண்டை இல்லை என்று நினைத்தேன். அதுதான் இல்லை. அவள் மெலிந்த புத்தகத்துக்காக வாதாட ஆரம்பித்தாள். "ஒரே ஒரு வரிக் கணக்கு ஒண்ணு இருக்குடி. ரெண்டு நாளா அதையே மண்டைக்குள்ள போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன். பூண்டு உரிக்கயிலயும் அதான், தண்ணி பாய்ச்சயிலயும் அதான். என் புக்குன்னா இந்நேரம் பின்னாடி திருப்பி விடையப் பாத்துருப்பேன். இதுல விடையே இல்ல. எவ்ளோ நல்லா இருக்கு தெரியுமா?" நான் செங்கலுக்காக வாதாடினேன். நான் மதுரையில் சொன்னதை அவளும், அவள் சொன்னதை நானும் சொல்லிக்கொண்டிருந்தோம். கீழே துணி எடுக்க வந்த அம்மா, "அதே சண்டைதான், ஆளுதான் மாறிருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

போனில் தீராது என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நானே செங்கலைத் தூக்கிக்கொண்டு கூக்கால் பஸ்ஸில் ஏறினேன். பூம்பாறையைத் தாண்டியதும் ஒரே பனிமூட்டம். கூக்காலில் இறங்கும்போது அது விலகி, ஏரி பளிச்சென்று கிடந்தது. அவள் வீட்டு முற்றத்தில் பூண்டு குவித்திருந்தார்கள். பெரியது, சிறியது என்று பிரிக்கிற வேலை. அவள் அப்பா என்னைப் பார்த்ததும், "வாத்தா, சாப்பிட்டியா? சோலி கெடக்கு, நீங்க பேசிக்கிட்டே பிரிங்க, நான் தோட்டத்துக்குப் போய்ட்டு வந்துர்றேன்" என்று கிளம்பினார்.

பூண்டுக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து அவளுடைய ஒரு வரிக் கணக்கைப் பார்த்தோம். ஒரு குலத்தில் எதை எடுத்து இரண்டு முறை செய்தாலும் ஒன்றுமே செய்யாதது போல ஆகிவிடுகிறது என்க. அப்படியானால் அதில் எந்த இரண்டை எடுத்தாலும், எதை முதலில் செய்தாலும் முடிவு ஒன்றுதான் என்று காட்ட வேண்டும்.

"ரெண்டு தடவ செஞ்சா பழையபடி ஆயிருதா?" என்றேன். "ஏய், இது கம்பளி!"

"என்ன கம்பளி?"

கம்பளிக்கு நான் எங்கே போவது? பக்கத்தில் ஒரு காலிச் சாக்கு கிடந்தது. அதன் ஒரு மூலையில் பூண்டுத் தண்டைச் செருகி அடையாளம் வைத்தேன். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தோம். நீளவாக்கில், அகலவாக்கில், திரும்ப நீளவாக்கில், திரும்ப அகலவாக்கில். பூண்டுத் தண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. அவள் சாக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"இரு, இரு" என்றாள். "நீளத்த 'அ'ன்னு வச்சுக்க. அகலம் 'இ'. அ, இ, அ, இ. நாலையும் செஞ்சா ஒண்ணும் இல்லாமப் போயிருது. ஏன்னா 'அ இ' ரெண்டும் சேந்து அதுவே ஒரு வேலை, அத ரெண்டு தடவ செஞ்சுட்டோம்."

"ஆமா."

"இப்ப இதுக்கு முன்னாடி இன்னொரு அ-வப் போட்டா?"

"முன்னாடி ரெண்டு அ வந்துரும். அது செத்துப் போகும்."

"பின்னாடி இன்னொரு இ-யப் போட்டா?"

"அங்க ரெண்டு இ. அதுவும் போச்சு. மிச்சம் நடுவுல..." நான் விரலை விட்டு எண்ணினேன். "இ, அ."

"ஆனா ஒண்ணும் இல்லாததுக்கு முன்னாடி அ-வும் பின்னாடி இ-யும் போட்டா அது வெறும் அ, இ தான்டி! அப்ப அ, இ-யும் இ, அ-வும்..."

அவளால் முடிக்க முடியவில்லை. நான் கத்தினேன். அவளும் கத்தினாள். சாக்கு எங்கே போனது என்று தெரியாது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்ததில் பிரித்து வைத்த பூண்டெல்லாம் மறுபடி ஒன்றாகக் கலந்தது. சத்தம் கேட்டு அவள் அப்பா தோட்டத்திலிருந்து ஓடி வந்தார்.

"ஏத்தா, என்ன? பாம்பா?"

"இல்லப்பா, கண்டுபிடிச்சுட்டோம்! குலத்துல எந்த ரெண்டையும் மாத்திப் போடலாம்ப்பா!"

அவர் முகம் மாறியது. "குலமா? அதெல்லாம் மாப்ள வீட்டுல நல்லா விசாரிச்சுத்தான பேசி முடிச்சோம்? இப்ப எதுக்கு அதக் கிண்டுறீங்க?" என்றார் பதறிப்போய். உள்ளேயிருந்து கல்யாணப் பெண்ணே வாசலுக்கு வந்துவிட்டாள். நாங்கள் சிரித்து முடித்து, இது அந்தக் குலம் இல்லை, கணக்கில் வருகிற குலம் என்று விளக்குவதற்குப் பெரும்பாடாகிவிட்டது. "கணக்குல எதுக்கு இந்தப் பேர வச்சாங்க?" என்று கேட்டார். நாங்கள் கலந்துபோன பூண்டைத் திரும்பப் பிரிக்க உட்கார்ந்தோம்.

அன்றைக்குத்தான் முடிவெடுத்தோம். மெலிந்த புத்தகத்தின் கணக்கு எங்களைக் குதிக்க வைத்தது உண்மை. ஆனால் செங்கலின் செவ்வகம் இல்லாமல் அந்தக் கணக்கின் பக்கத்தில்கூட நாங்கள் போயிருக்க மாட்டோம் என்று அவளே சொன்னாள். பக்கத்தில் கேட்க ஆள் இல்லாதவர்களுக்குப் பேசுகிற புத்தகம்தான் வேண்டும். விடை? பின்பக்கங்களை மொத்தமாகச் சேர்த்துத் தடிமனான நூலால் கட்டிவிடலாம் என்றாள். கட்டினோம். அவள் அம்மா சாக்குத் தைக்கிற கோணி ஊசியையும் சணலையும் கொடுத்தார். மஞ்சள் புத்தகத்தைப் பிற்பாடு படிப்பது என்று அலமாரியில் வைத்தோம்.

செங்கலின் இன்னொரு பிரதி வேண்டும். மதுரைக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். "பரீட்சை இல்லாமப் படிக்கிற பிள்ளைகதான?" என்று உடனே அடையாளம் கண்டுகொண்டார். எங்கேயோ தேடி ஒன்றைப் பிடித்து வைத்தார். அப்பா மதுரைக்குச் சவாரி போனபோது வாங்கி வந்தார். அதே பெயர், அதே அட்டை. எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒரு வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. இரண்டாம் பாடத்தில் பதினான்காவது கணக்கைப் போடுவது என்று பேசிக்கொண்டோம். மறுநாள் போனில் நான் அது சரி என்கிறேன், அவள் தப்பு என்கிறாள். நான் நிரூபணத்தைச் சொல்கிறேன். "அதெப்படிடி, எங்கிட்ட எதிர் உதாரணமே இருக்கு" என்கிறாள். பனிக்குளிரில் வளைவில் நின்று அரைமணி நேரம் கத்தினேன். அந்த வழியாக நடந்து போன வெளிநாட்டுக்காரர் ஒருவர் நின்று, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். கடைசியில் அவள், "சரி, கேள்விய முழுசாப் படி பாப்போம்" என்றாள். படித்தேன். "அடியேய், அது எனக்குப் பதினேழாவது!" என்றாள். புத்தகம் ஒன்றுதான், பதிப்பு வேறு. வருடம் மாறும்போது யாரோ கணக்குகளையெல்லாம் கலைத்துப் போட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் கணக்கு எண்ணைச் சொல்வதை விட்டுவிட்டுக் கேள்வியின் முதல் மூன்று சொற்களைச் சொல்வது என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

அந்த வருடம் எனக்கு இப்படித்தான் போனது. வெள்ளனே எழுந்து கெஸ்டுகளுக்கு டீ, அப்புறம் படுக்கை, துணி, அதற்கப்புறம் சமையலறை மேசையில் செங்கல். அம்மாவின் இடுப்பு மெல்ல மெல்லச் சரியாகி, அவளே துணி துவைக்க வந்து, "நீ போய் உன் சோலியப் பாரு" என்று என்னை விரட்ட ஆரம்பித்தாள். சில பாடங்கள் எளிதாகப் போயின. ஒரு பாடத்தில் இருவரும் சேர்ந்தே விழுந்தோம். ஒரு மாதம் அதிலேயே கிடந்தோம், அப்புறம் அதைத் தாண்டிக் குதித்து அடுத்த பாடத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது புரிந்தது. யாரும் எங்களிடம் மார்க் கேட்கவில்லை. பிடித்த பக்கத்தில் எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம். தை மாதம் அக்கா கல்யாணத்தில் பந்தியில் வாழையிலை போட்டுக்கொண்டே அவள் என் காதில் வந்து, "அந்த எட்டாவது பாடம் புரிஞ்சிருச்சுடி" என்று சொல்லிவிட்டு ரசம் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அது என்ன என்று தெரியாமல் பாயசம் முடிகிற வரை நான் தவித்தேன்.

அடுத்த ஜூனில் அவள் அப்பா சொன்னபடியே அவளைத் திண்டுக்கல்லில் கொண்டுபோய்ச் சேர்த்தார். நான் மதுரையில் சேர்ந்தேன். இருவருக்கும் கணக்குதான். இப்போது அவள் மேலே படித்துக்கொண்டிருக்கிறாள். நான் கொடைக்கானலில் ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். லீவு நாளில் பழையபடி கம்பளி விரிக்கிறேன். மஞ்சள் புத்தகத்தை இரண்டு பேருமே முழுதாகப் படித்துவிட்டோம். முதல் தடவை என்னைத் திரும்பிப் பார்க்காமல் போன அந்த நான்காவது பக்கத்தில், இந்த முறை ஓர் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன்.

போன மாதம் அவள் வந்திருந்தாள். கணக்கில் டோபாலஜி என்ற பிரிவைப் படிக்கலாம், ஆனால் எந்தப் புத்தகம் என்பது பேச்சு. பையிலிருந்து இரண்டை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்று தடி, ஒன்று மெலிசு. நான் எதையும் சொல்வதற்கு முன்பே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இந்தத் தடவ நீ மொதல்ல சொல்லாத. நீ சொன்னா நான் அதுக்கு எதிராத்தான் சொல்லுவேன்."

"அப்ப நீ சொல்லு."

"நான் சொன்னா நீ எதிரா சொல்லுவியே!"

முதல் அறையிலிருந்து வெந்நீர் கேட்டுக் குரல் வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, தானே வாளியை எடுத்துக்கொண்டு போனாள். நாங்கள் ஆளுக்கு ஒரு புத்தகத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு முதல் பாடத்தைத் திறந்தோம்.